நூற்று எண்பது சுபம்

அத்தியாயம் 14

ஆடி மாதத்தில் எந்தக் காரியத்தையும் தொடங்கவும் கூடாது, முடிக்கவும் கூடாது என்பது பூபாலனின் கட்சி. சென்னையிலிருக்கும் தணிக்கைக்காரர்களுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம் என்று இரண்டே வரியில் மெயில் அனுப்பிவிட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஐந்தே நாள் இருந்தது.

ஒன்பதரை மணிக்கே ஷோபனா ரைஸ் மில் வாசலில் வந்து நின்றுகொண்டாள். சாலையில் காவடிகள் வரத் தொடங்கியிருந்தன. மஞ்சள் வேட்டிக் கூட்டம் ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு கடந்து போனது. வழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் இன்று முருகன் மலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டிக்கொள்ள ஆரம்பித்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

பின்னே இருக்காதா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமனார் பூபாலன் அவள் புருஷன் வேணுவிடம் பேசியதைச் சமையலறை ஜன்னலோரம் நின்று அவள் கேட்டபோது நாமும்தானே கேட்டோம்.

"இந்தா பாரு வேணு. செவ்வாக்கெழம அந்தம்மா சரியில்லன்னு எழுதிட்டு போனாங்கன்னா, வெள்ளிக்கெழம சின்னசாமிய வரச் சொல்லிடுவேன். மில்ல அவருக்கு குத்தகைக்கு வுட்டுட்டு நா நிம்மதியா குந்திக்கறேன்."

"சரி நைனா."

அவ்வளவுதான் பேச்சு. வேணு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்பாவிடம் ‘சரி நைனா’ தவிர வேறு பதில் சொல்லி அவனுக்குப் பழக்கமும் கிடையாது. அரக்கோணம் சின்னசாமி கைக்கு மில் போனால் அவர் தன் ஆட்களைத்தான் வைத்துக்கொள்வார். கண்ணையன் மேஸ்திரியிலிருந்து களத்தில் நெல் தள்ளும் பெண்கள் வரை முப்பத்திரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேணு ஸ்ரீபெரும்புதூருக்கு ஏதாவதொரு கம்பெனி வேன் ஏறுவான். ஷோபனா? மணவூரிலிருந்து வாழ வந்த பத்து வருஷத்தில், தன்னுடையது என்று அவள் பிடிவாதமாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அது இன்று சாயங்காலத்துக்குள் தேறுமா, தேறாதா?

மறந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. போன ஐப்பசியில் பெருமழை பெய்த அன்று மில்லின் ஊறல் தண்ணீர், அதாவது புழுங்கலரிசிக்காக நெல்லை ஊறப்போட்டு வடிக்கிற தண்ணீர், வாய்க்காலில் இறங்கிப் பக்கத்து நிலத்து ஆபேலின் கிணற்றுக்குள் போய்விட்டது. மண்ணுக்குள் இருந்த குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாலு மாதம் அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. ஆபேல் புகார் கொடுக்கவில்லை. வேறு யாரோ கொடுத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் வந்தது. அதன் சூடு ஆறுவதற்குள், மில் அரிசியில் முக்கால் பங்கை வாங்கும் சென்னைக் கம்பெனி கடிதம் போட்டது. ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்று இல்லாத மில்லில் செப்டம்பர் முதல் ஒரு மூட்டை எடுக்க மாட்டோம் என்று.

"நம்ம மில்லு நாத்தத்த மோந்து பாக்க மெட்ராசுலேர்ந்து ஆளு வரணுமா?" என்று கேட்டார் பூபாலன்.

ஷோபனாதான் அசரவில்லை. அந்தச் சான்றுக்கான வகுப்புக்குப் போனாள். ஊறல் தண்ணீரைத் தெளியவைக்க மூன்று தொட்டிகள் கட்ட வைத்தாள். தெளிந்த தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினாள். புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்க ஒரு ஏற்பாடு, அந்தச் சாம்பலை வாங்கிப் போக ஒரு செங்கல் சூளைக்காரர். கடைசியில் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று. தினமும் எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு சாம்பல் விழுந்தது, என்ன தவறு நடந்தது, அதற்கு என்ன செய்தோம், எல்லாம் அதில் ஏற வேண்டும். எழுதுகிற பொறுப்பு கண்ணையனுக்கு.

மாமனார் தாமாக முன்வந்து செய்த ஒரே உதவி, தைக் கிருத்திகையன்று அந்த நோட்டை மலைக்கு எடுத்துப் போய்ச் சுவாமி பாதத்தில் வைத்து, சந்தனமும் திருநீறுமாகக் கொண்டுவந்து கொடுத்தது. அன்றைக்கு அவர் மேலிருந்த கோபத்தில் பாதி ஷோபனாவுக்குப் போய்விட்டது. அந்த உதவிதான் இன்று தன் காலை வாரிவிடப் போகிறது என்று அவள் கண்டாளா?

*

தணிக்கைக்கு வந்த பிரேமாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பருத்திச் சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. காவடிக் கூட்டத்தில் கார் மாட்டிக்கொண்டதால் பதினொரு மணிக்குத்தான் வந்தார். வந்ததும் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக பாய்லருக்கு நடந்தார்.

தொட்டியைக் குனிந்து பார்த்தார், முகர்ந்தார். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். ஒரு மூட்டை நெல்லுக்கு எடுக்கும் தண்ணீர் தையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதைத் தம் கால்குலேட்டரில் தாமே போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் ஷோபனாவுக்கு இரண்டு நாள் தூக்கம் திரும்பி வந்தமாதிரி இருந்தது.

எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவர் ஒரே கேள்வி கேட்டார். "இதெல்லாம் எதுக்காக ஆரம்பிச்சீங்க?"

"கம்பெனி லெட்டர் போட்டாங்க மேடம். இல்லன்னா அரிசி எடுக்க மாட்டாங்க" என்றான் வேணு. உள்ளதைச் சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள முடியாது.

"சின்னம்மா சொன்னாங்கங்க. செய்டான்னு மொதலாளியும் சொன்னாரு" என்றார் கண்ணையன், ஷோபனாவைக் காட்டி.

களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பூவம்மாள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குன்னு எனக்கு இன்னாம்மா தெரியும். மின்னெல்லாம் கருப்பு தூளு வந்து கண்ணுல வுழும். தெருவுல ஒருத்தி வத்தல் காய வெக்க முடியாது, மில்லையும் மொதலாளியையும் திட்டிக்கினு கெடப்பாளுங்க. இப்ப திட்டறதுக்கு ஆளில்ல."

பிரேமா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு பூபாலன் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க ஐயா" என்றார்.

பூபாலன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "அப்பறம் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு நெல் மூட்டை அடுக்கிய பக்கம் நடந்து போய்விட்டார்.

ஷோபனாவுக்குக் காது சுட்டது. வந்த அதிகாரியிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? வெள்ளிக்கிழமை சின்னசாமி வரட்டும் என்றுதான் காத்திருக்கிறாரோ?

*

பச்சை நோட்டு ஆபீஸ் மேஜை மேல் இருந்தது. அட்டையில் சந்தனப் பொட்டு. பிரேமா மரியாதையாகத் தொட்டுத் திறந்தார். தண்ணீர், சாம்பல், கரண்ட், எல்லாம் கண்ணையனின் குண்டு எழுத்தில் பிசகில்லாமல் இருந்தன. பிரேமாவின் விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. ‘என்ன தவறு நடந்தது? என்ன செய்தோம்?’

சுபம்.

அடுத்த நாள், சுபம். அதற்கு அடுத்த நாளும் சுபம். அவர் பக்கம் பக்கமாகத் தள்ளினார். தை, மாசி, பங்குனி, எங்கே திருப்பினாலும் கல்யாணப் பத்திரிகைமாதிரி சுபம், சுபம், சுபம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கீழே ஷோபனாவின் கையெழுத்து.

"நூத்தி எண்பது நாள். நூத்தி எண்பது சுபமா?" என்று கேட்டார் பிரேமா.

"கண்ணையன் நல்லா பாத்துக்கறாரு மேடம்." ஷோபனா பெருமையாகத்தான் சொன்னாள். மாதாமாதம் அந்தச் சுபங்களைப் பார்த்து அவளே பூரித்துப்போயிருக்கிறாள்.

பிரேமா நோட்டை மூடினார். "பக்கத்து நிலத்துக்காரர பாக்கலாமா?"

ஆபேல் கிணற்றடியில் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார்.

"குடிச்சி பாருங்கம்மா. போன வருசம் இத்த வாயில வெக்க முடியல. இப்ப எம்பொண்ணு ப்ளெஸ்ஸி ஆஸ்டலுக்கே இந்த தண்ணிய கேன்ல புடிச்சிக்கினு போவுது."

பிரேமா அண்ணாந்து குடித்தார். "நல்லா இருக்கு. மில்லுக்காரங்க மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"கோவம் எதுக்குமா? கொழா வெடிச்சா அவங்க இன்னா பண்ணுவாங்க, யாரு தப்பும் இல்ல அது. அதுக்கப்பறம் அவங்க கவனிக்கறத சொல்லணும். ஆனி மாசம் ஒரு நா, அந்த தொட்டி வழிஞ்சி நொர நொரயா வாய்க்கா கிட்ட வந்துடுச்சி. அர மணி ஆவல. கண்ணையன் ஓடியாந்து மண்ண போட்டு மறிச்சி, திருப்பி எறைச்சிக்கினு போயிட்டாரு. பூபாலன் அண்ணனும் வந்து நின்னாரு. ஒரு சொட்டு உள்ள வரல."

உபகாரமாகச் சொன்ன வார்த்தை. நல்ல மனுஷன், நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று சொன்னார். ஷோபனாவுக்கு மட்டும் வரப்பு காலடியில் நழுவியது. ஆனியில் ஒருநாள் தங்கை வீட்டு விசேஷத்துக்கு மணவூர் போயிருந்தாளே, அன்றைக்கா?

"இது நோட்டுல இல்லையே" என்றார் பிரேமா மெதுவாக.

*

எல்லோரும் ஆபீஸ் அறைக்குத் திரும்பினார்கள். பிரேமா பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஷோபனாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தப்பே நடக்காத எடத்துக்கு இந்த முறையே தேவையில்லம்மா. தப்பு நடந்தா யாரு பாக்கறாங்க, யாரு சரி பண்றாங்க, மறுபடி நடக்காம இருக்க என்ன பண்ணாங்க, அதத்தான் நான் பாக்க வந்தேன். நீங்க கையெழுத்து போட்டிருக்கற நோட்டு எனக்கு அத சொல்லல. இத வெச்சிக்கிட்டு நான் எப்படி சிபாரிசு பண்றது?"

ஷோபனா நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்கூடச் சமாதானம் சொல்லலாம். படித்து, சந்தோஷப்பட்டு அல்லவா போட்டிருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்குக் கண் கரித்தது. வேணு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். அவனால் முடிந்தது அது.

கண்ணையனைக் கூப்பிட்டார்கள். உமித்தூள் படிந்த தலையோடு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆனி மாசம் தொட்டி வழிஞ்சுதா?"

"ஆங். வழிஞ்சுதுங்க."

"அப்போ ஏன் சுபம்னு எழுதினீங்க?"

ஏதோ சின்னக் குழந்தை கேள்வி கேட்டதுபோலக் கண்ணையன் அவரைப் பார்த்தார். "நோட்டுல எப்பிடிங்க எழுதறது? மலையில சாமி காலாண்ட வெச்சி எடுத்துக்கினு வந்த நோட்டாச்சே. அதுல போயி நாத்தம் வந்துச்சி, வழிஞ்சிடுச்சின்னு எழுதுவாங்களா?"

வேணு தலையில் கை வைத்துக்கொண்டான். பிரேமா மட்டும் முன்னால் சாய்ந்தார். "சரி. இதுல எழுதல. வேற எங்கயாவது எழுதினீங்களா?"

கண்ணையன் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பூபாலன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நேராக எதிரே இருந்த பாய்லர் அறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ கழற்றினார்.

ரசீது குத்தி வைக்கும் வளைந்த கம்பி அது. கம்பி நிறையத் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், கனமாக, அழுக்கேறி. திரும்பி நடந்து வருகிற வழியில் அவர் அடியிலிருந்த தாள் ஒன்றை மட்டும் கிழித்து உருவிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதை ஷோபனா பார்த்தாள். பிரேமா பார்க்கவில்லை.

கம்பி மேஜைக்கு வந்தது. பிரேமா ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். முன்பக்கத்தில் தேதி, ராகு காலம், எமகண்டம். பின்பக்கத்தில் கண்ணையனின் குண்டு எழுத்து.

‘மாசி 9. இரண்டாம் தொட்டி நாற்றம். காற்றடிக்கும் மோட்டார் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் போட்டது. ஒன்று கூடுதலாக வாங்கி வைத்தது.’

‘பங்குனி 22. சாம்பல் லாரி தார்ப்பாய் கட்டாமல் கிளம்பியது. கேட்டில் மறித்துக் கட்ட வைத்தது. இனி தார்ப்பாய் இல்லாமல் கேட்டு திறக்காது.’

‘ஆனி 5. தொட்டி வழிந்தது. மிதவை பந்து ஒட்டிக்கொண்டது. வாய்க்கால் வரை போகவில்லை. பந்து மாற்றியது. மேலே ஒரு மணி கட்டியது, வழியும் முன்னே அடிக்கும்.’

நாற்பத்தியோரு தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நீல மையில் வேறொரு கையெழுத்து. ‘பார்த்தேன். பூபாலன்.’

ஷோபனா ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். பார்த்தேன். பார்த்தேன். நாற்றத்தை மோந்து பார்க்க மெட்ராசிலிருந்து ஆள் வரணுமா என்று கேட்ட மனுஷன், ஆறு மாதமாக ஒரு தாள் விடாமல் படித்து, பந்தை மாற்று, மணி கட்டு என்று நின்று பார்த்திருக்கிறார். அவளோ அவரை எதிரியாக நினைத்து ஆறு மாதம் மோர் ஊற்றும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

"நாற்பது இடத்துல தணிக்கை பண்ணா நாலு இடத்துலதாம்மா இப்படிப் பாக்கறேன்" என்றார் பிரேமா. "எனக்காக எழுதினதா இருந்தா இவ்வளவு எண்ணெய்க்கறை இருக்காது."

பிறகு அரை மணி நேரம் எழுதினார். தாள்களில் சொன்ன பந்து, பெல்ட், மணி மூன்றையும் நேரில் போய்ப் பார்த்து வந்தார். ஒரு சின்னக் குறை மட்டும் பதிவானது. தவறுகளும் ஒரே நோட்டில் ஏற வேண்டும், ஒரு மாதத்துக்குள் இதைச் சரிசெய்து அனுப்ப வேண்டும்.

"அது வந்ததும் சான்றுக்கு சிபாரிசு பண்ணிடறேன்."

கண்ணையன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப மலைக்கு கொண்டுபோவாத நோட்டா ஒன்னு வாங்கிடலாங்களா?"

"வாணாம்" என்றார் பூபாலன். அன்று முழுக்க அவர் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை. "இதுலயே எழுது. அவன் காலாண்ட வெச்ச நோட்டுல பொய் எழுதனதுதான் தப்பு."

*

கார் கிளம்பிப் போனதும் களத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். வேணு பஜாருக்கு ஓடி ஒரு கூடை போண்டா வாங்கி வந்தான். பூவம்மாள் ஷோபனாவின் கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள். ஷோபனாவுக்கு ஒரே சமயத்தில் பசித்தது, தூக்கம் வந்தது, சிரிப்பு வந்தது. மலைப் பக்கம் திரும்பிக் காலையில் விட்டுப்போன கணக்கையும் சேர்த்து இரண்டு தடவையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நைனா, சின்னசாமிக்கு வர வாணாம்னு போன் பண்ணிடட்டுமா?" என்று கேட்டான் வேணு. ‘சரி நைனா’ அல்லாத ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"பண்ணு" என்றார் பூபாலன். போண்டாவைத் தொடாமல் எழுந்தார். "ஷோபனா, இப்பிடி வாம்மா."

தென்னை மரங்களுக்குப் பக்கத்தில் நின்று சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். கம்பி குத்திய இடத்தில் கிழிந்திருந்தது.

"அந்தம்மா கேட்டாங்க இல்ல, எதுக்கு ஆரம்பிச்சீங்கன்னு. அவங்க கிட்ட சொல்ல வாய் வரல."

தாளில் பழைய வருஷத்துத் தேதி. எழுத்து கண்ணையனுடையது இல்லை.

‘ஐப்பசி 11. காலை 5 மணி. பெருமழை. மழையோடு மழையாகப் போய்விடும் என்று ஊறல் தண்ணீர் வால்வைத் திறக்கச் சொன்னேன். கண்ணையன் மாட்டேன் என்றான். நானே திறந்தேன். பூபாலன்.’

ஷோபனா இரண்டு முறை படித்தாள். "அப்ப குழாய் வெடிச்சது?"

"வெடிக்கல. நா கட்டிவுட்ட கத அது. ஆபேல் அத நம்பிக்கினு, யாரு தப்பும் இல்லன்னு இன்னிக்கி வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கான்." அவர் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "தெனம் அந்த கெணத்த பாக்க முடியலமா. சின்னசாமி கைல குடுத்துட்டு எங்கியாவது போயிடலாம்னு பாத்தேன். நீ வுடல."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததும் உண்மைதான். ஆனால் அவள் கண் தாளிலேயே நின்றது. மற்ற நாற்பத்தியோரு தாள்களிலும் என்ன நடந்தது என்பதற்குக் கீழே என்ன செய்தோம் என்று இருந்தது. இதில் கீழ்ப் பாதி வெறுமையாக இருந்தது.

"மாமா, இதுல பாதிதான் இருக்குது."

"ஆங். மீதி எழுத இன்னும் ஒன்னும் செய்யல." பூபாலன் துண்டை இறுக்கித் தலையில் கட்டிக்கொண்டார். "நீ கூட வா. தனியா போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

வரப்பில் அவர் முன்னால் நடந்தார், அவள் தாளோடு பின்னால் நடந்தாள். கிணற்றடியில் இருந்த ஆபேல் இருவரையும் பார்த்துவிட்டார். பாஸாகிவிட்ட சேதியைச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு எதிரே வந்தார்.